கிரவுன் ஆயில் மாற்றுவதற்கு முன் மேல் நட்டைத் திறவுங்கள்

லாரியின் பின் அச்சின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் இரும்புக் கூட்டைத்தான் கிரவுன் ஹவுசிங் என்கிறோம். பழைய ஆயிலை வடிக்க அதன் கீழே இருக்கும் டிரெயின் நட்டைத் தொடுவதற்கு முன்னால், புதிய ஆயில் ஊற்றப் பக்கவாட்டில் மேலே இருக்கும் ஃபில்லர் நட்டைக் கழற்றிப் பாருங்கள். அது கழன்றால் மட்டும் கீழே கை வையுங்கள். இந்த ஒரு விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது 19 வயதில், குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில். ரப்பர் ஷீட் ஏற்றி கோட்டயம் போக வேண்டிய லாரி. ஆசான் சாயா குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றி வைத்துவிடலாம் என்று அடியில் புகுந்தேன். டிரெயின் நட்டு நல்ல பிள்ளையாகக் கழன்றது. பழைய ஆயில் முழுக்க இறங்கியது. வாசரைத் துடைத்து மாட்டி இறுக்கியும் விட்டேன். அப்புறம் ஃபில்லர் நட்டில் ஸ்பானரைப் போட்டால் அசையவில்லை. பைப்பைச் சொருகி இழுத்தேன், நட்டின் மூலைகள் வழித்துக்கொண்டு உருண்டையாகிவிட்டன. ஆசான் வந்து குனிந்து பார்த்தார். திட்டவில்லை. "லேய், மாட்டைக் கறந்து முடிச்சாச்சு. இனி தீனியை எந்த வழியா குடுப்ப?" என்று மட்டும் கேட்டார். லோடோடு அந்த லாரி இரண்டு நாள் பட்டறையிலேயே நின்றது. லாரிக்காரர் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

இப்போது வில்லுக்குறியில் மெயின் ரோட்டை ஒட்டி எனக்கென்று ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்ல. ஒரு கம்ப்ரசர், ஒரு வெல்டிங் மெஷின், பையன் ஒருவன், நான். எங்களிடம் வருகிற வண்டிகளில் பாதி ஏற்கெனவே யாரோ முயன்று பார்த்துத் தோற்றவைதான். அதனால் கழலாத நட்டு எங்களுக்கு அன்றாடச் சோறு மாதிரி.

இந்த ஊரில் நட்டு இறுகிப் போவதற்கு மூன்று காரணங்களைப் பார்க்கிறேன். முதலாவது மீன் தண்ணீர். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று துறைமுகங்களிலிருந்து லோடு எடுக்கும் வண்டிகளில் ஐஸ் உருகி, உப்பும் மீன் ரத்தமும் கலந்து சேசிஸ் வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். அது நேராக கிரவுன் ஹவுசிங் மேல்தான் சொட்டுகிறது. இரண்டாவது குவாரித் தூள். ஜல்லி, எம்-சாண்ட் அடிக்கிற டிப்பர்களில் அந்தத் தூள் மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து கிட்டத்தட்ட சிமெண்ட் ஆகிவிடும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஆண்டுக்கு இரண்டு தடவை அந்தச் சிமெண்டுக்கு நனைப்பு நடக்கிறது. மூன்றாவது காரணம் மனிதன். போன தடவை மூடியவன் வாசர் மாற்றாமல், மரையைத் துடைக்காமல், ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று இறுக்கி அனுப்பியிருப்பான். உப்பையும் தூளையும் சமாளித்துவிடலாம், இந்த மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும்.

வேலைக்கு வருவோம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் பழைய ஆயில் முழுதாக வடியாது, புதிய ஆயிலின் அளவும் தப்பாகக் காட்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்ய இடம் இருக்கும், ஜாக்கியே தேவைப்படாது. ஏதோ காரணத்தால் தூக்கினால், ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போக வேண்டாம். டிப்பராக இருந்தால் தொட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே நுழையவும் கூடாது. நான் மற்றவற்றில் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி என்றால் நல்லது. கியர் ஆயில் இளஞ்சூட்டில் தண்ணீர் போல இறங்கும். அடியில் தங்கிய இரும்புத் தூளும் கூடவே வந்துவிடும். ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து லோடோடு ஓடி வந்து அப்போதுதான் நின்ற வண்டி என்றால் அரை மணி நேரம் பொறுங்கள். அந்த ஆயில் கையில் பட்டால் தோல் உரியும்.

அடுத்தது சுத்தம். பையன்களுக்கு இதில் பொறுமையே இருக்காது. வயர் பிரஷ், பழைய ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் டீசல் எடுத்துக்கொண்டு நட்டையும் அதைச் சுற்றி நான்கு விரல் அகலத்தையும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அப்போதுதான் நட்டு எந்த ரகம் என்று தெரியும். வெளியே ஆறு பட்டை உள்ளது ஒன்று. உள்ளே ஆறு பட்டைக் குழி உள்ளது இன்னொன்று, இதற்கு எல்-கீ வேண்டும். உள்ளே சதுரக் குழி, வெளியே சதுரத் தலை என்றும் வரும். சதுரக் குழிக்குள் அந்தக் குவாரிச் சிமெண்ட் அடி வரை அடைந்திருக்கும். முழுக்கத் தோண்டி எடுக்காமல் கருவியைச் சொருகினால் அது பாதி ஆழம்தான் இறங்கும், பாதி ஆழத்தில் முறுக்கினால் குழி உருண்டையாகிவிடும். ஒரு பழைய ஆணியை நுனி தட்டையாக்கி இதற்கென்றே வைத்திருக்கிறேன். அதற்கு எங்கள் ஷெட்டில் 'பல்லுக்குச்சி' என்று பெயர்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நட்டின் தலைக்கு அடியில் வாசர் உட்கார்ந்திருந்தால் அது நேர் மரை. தலையே இல்லாமல் ஹவுசிங்குக்குள் புதைந்து இறங்கியிருந்தால் பெரும்பாலும் அது கூம்பு மரை, பைப் பிளக் போல. கூம்பு மரை இறுக இறுக ஆப்பு மாதிரி உட்காரும். வாசர் கிடையாது, மரையேதான் ஆயிலை அடைக்கிறது. கழற்றும்போது முதல் கால் சுற்றுக்குத்தான் வலு தேவை, அப்புறம் சட்டென்று இளகும்.

சாக்கெட் எடுக்கும்போது ஆறு பட்டை சாக்கெட்டாகப் பாருங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் ரிங் ஸ்பானரும் மூலைகளை மட்டுமே பிடிக்கும், இறுகிய நட்டில் மூலைகளை வழித்துவிடும். ஆறு பட்டை சாக்கெட் பட்டையையே பிடிக்கும். அளவு சரியாக இருக்க வேண்டும், 'கிட்டத்தட்டப் பொருந்துது' என்பதெல்லாம் இங்கே எடுபடாது. பைப் ரெஞ்சை தயவுசெய்து எடுக்காதீர்கள். அதன் பல் தடம் பட்ட நட்டு எங்கள் ஷெட்டுக்கு வாரம் ஒன்றாவது வருகிறது.

கீழே படுத்துக்கொண்டு மேலே பார்க்கும்போது எந்தப் பக்கம் முறுக்குவது என்பதில் பழகியவனுக்கே குழப்பம் வரும். நட்டின் தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். சந்தேகம் இருந்தால் சாக்பீஸால் ஹவுசிங்கிலேயே ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, முப்பது வருடம் கழித்தும் நான் போடுகிறேன். தப்பான பக்கம் பைப் போட்டு இறுக்கிய நட்டை நானே கழற்றிக் கொடுத்திருக்கிறேன். இறுக்கியதும் நான்தான் என்பதை அந்த லாரிக்காரரிடம் சொல்லவில்லை.

முறைகளைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, சென்ற மழைக்காலத்தில் வந்த ஒரு வண்டியை வைத்துச் சொல்கிறேன். அதில் எல்லாமே வந்துவிடும்.

குளச்சலிலிருந்து கேரளாவுக்கு மீன் ஓட்டுகிற ஆறு சக்கர வண்டி. ஓட்டுநரே முதலாளி, முப்பது வயதுக்குள் இருப்பார். இரவெல்லாம் ஓட்டி, காலை ஏழு மணிக்கு வந்து நின்றார். "அண்ணாச்சி, கிரவுன்ல ஒரு ஊளைச் சத்தம் வருது. ஆயிலை மாத்திக் குடுத்தா சாயங்காலம் லோடுக்குப் போயிருவேன்" என்றார். அடியில் போய்ப் பார்த்தேன். டிரெயின் நட்டின் ஆறு பட்டையில் நான்கு பட்டை ஏற்கெனவே போயிருந்தது, யாரோ பைப் ரெஞ்ச் போட்டிருக்கிறார்கள். ஃபில்லர் சதுரக் குழி, மண் மூடிக் கிடந்தது. "மக்கா, சாயங்காலம் சொல்ல முடியாது. நாளைக்கு மத்தியானம்னு வச்சுக்க" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. லோடு விட்டால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவசரப்பட்டால் அது ஒரு வாரமாகும் என்பதும் தெரியும்.

முதலில் ஃபில்லர். குழியைச் சுத்தம் செய்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து விட்டுவிட்டேன். டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கும், துரு இளக்குவதற்கென்றே தனியாக வருகிற ஸ்பிரே இன்னும் நன்றாக இறங்கும். எங்கள் ஷெட்டில் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஒரு சின்னப் பாட்டிலில் வைத்திருப்போம். மலிவு, வேலையும் செய்யும். அசிட்டோன் பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும், பீடிக்காரர்கள் பக்கத்தில் வரக் கூடாது. எதை அடித்தாலும் ஐந்து நிமிடத்தில் பைப்பைத் தூக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை அடித்து, ஒவ்வொரு தடவையும் நட்டின் தலையில் சுத்தியால் நான்கு தட்டுத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

தட்டுவதிலும் பக்குவம் உண்டு. இந்த ஜில்லாவில் வர்ம ஆசான்கள் அதிகம். எங்கே தொட வேண்டும், எவ்வளவு தொட வேண்டும் என்பதில்தான் அவர்கள் வித்தை இருக்கிறது என்பார்கள். இதுவும் அப்படித்தான். ஒரு தடித்த பித்தளைத் துண்டை நட்டின் நடுவில் வைத்து, அதன்மேல் சுத்தியால் நேராக, 'டண்' என்று ஒலிக்கும்படி அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் பட்டை போகும். கிரவுன் ஹவுசிங் கெட்டியான இரும்பு, தாங்கும். கியர் பாக்ஸ் அலுமினியமாக இருந்தால் இந்த அடி வேண்டாம், மெல்லத் தட்டுங்கள். அலுமினியம் விரிசல் விட்டால் அதை ஒட்டுவதற்கு இந்த நட்டு வேலையைப் போலப் பத்து மடங்கு செலவாகும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் முயற்சி. சதுரக் குழிக்கு அரை அங்குல எக்ஸ்டென்ஷன் ராடு பல வண்டிகளில் நேராகப் பொருந்தும். இதில் லேசாக ஆடியது. ஒரு பழைய ராடை கிரைண்டரில் வைத்துக் குழிக்குத் தகுந்த மாதிரி இழைத்து, இறுக்கமாக அடித்து இறக்கினேன். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இழுப்பு, கொஞ்சம்தான். துருவின் பிடி உடைவதற்கு எந்தப் பக்கம் அசைந்தாலும் போதும். அப்புறம் கழற்றுகிற பக்கம். அசையவில்லை.

பைப் போடுவது பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மீட்டர் நீளப் பைப்பின் நுனியில் 50 கிலோ எடையைத் தொங்கவிட்டால் நட்டில் ஏறக்குறைய 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை விழுகிறது. இரண்டு பேர் தொங்கினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைப் நீள நீள நட்டு அசைகிறதா, ராடு முறுகுகிறதா என்று கைக்குத் தெரியாமல் போகும். அதனால் ஒரு மீட்டருக்கு மேல் நான் போவதில்லை. எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள், நழுவினால் எங்கே போய் இடிப்பீர்கள் என்பதை முதலிலேயே பார்த்து வையுங்கள். என் வலது கை நடுவிரல் மூட்டு நேராக இல்லாததற்குக் காரணம் ஒரு சேசிஸ் கிராஸ் மெம்பர்.

இம்பாக்ட் கன் இருந்தால் கழற்றுவதற்கு அது பைப்பைவிட நல்லது. ஒரே இழுப்பாக இழுக்காமல் பட பட என்று சின்னச் சின்ன அடியாகக் கொடுக்கும், துரு அதற்குத்தான் பயப்படும். ஆனால் பட்டை முழுசாக இருந்தால் மட்டும். இந்த வண்டியில் அதுவும் பலிக்கவில்லை.

அடுத்தது சூடு. இங்கேதான் ஆட்கள் விபத்தில் மாட்டுகிறார்கள். அதனால் நிதானமாக வாசியுங்கள். ஸ்பிரே அடித்த இடத்தில் நெருப்பைக் காட்டக் கூடாது. நன்றாகத் துடைத்து, காற்றடித்து, அரை மணி நேரம் விடுங்கள். அசிட்டோன் பாட்டிலை ஷெட்டுக்கு வெளியே வையுங்கள். பக்கத்தில் ஓடும் பிரேக் ஏர் பைப்புகள் பிளாஸ்டிக், அவற்றை விலக்கிக் கட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஒரு வாளி மணலும். எங்காவது ஒரு நட்டு ஏற்கெனவே திறந்திருந்தால் உள்ளே காற்று விரிந்து வெளியேற வழி இருக்கும். இரண்டுமே மூடியிருந்தால், ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் (உள்காற்று வெளியேறும் சின்ன வழி) அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யாமல் சூடு காட்டாதீர்கள். மீன் வண்டிகளில் அது மண்ணால் அடைந்துதான் இருக்கும், இதிலும் அப்படித்தான் இருந்தது.

நட்டைச் சூடாக்காதீர்கள், நட்டைச் சுற்றியுள்ள ஹவுசிங்கைச் சூடாக்குங்கள். ஓட்டை விரிய வேண்டும், அடைப்பு விரியக் கூடாது. ஹீட் கன் போதும், நேரம் ஆகும். கேஸ் டார்ச் என்றால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஓட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று துள்ளி ஓட வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். அலுமினிய கியர் பாக்ஸில் இந்த வைத்தியம் இன்னும் நன்றாகப் பலிக்கும். ஒரே சூட்டுக்கு இரும்பைப் போல அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். டார்ச் அங்கே கூடாது, ஹீட் கன் மட்டும்.

சூடு ஏறியதும் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நட்டும் ஹவுசிங்கும் சேரும் விளிம்பில் வைத்துத் தேய்த்தேன். மெழுகு உருகி, விளிம்பில் நிற்காமல் உள்ளே இழுத்துக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்பிரே இறங்காத மரைக்குள்ளும் மெழுகு இறங்கும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு பையன் மிச்ச மெழுகுவர்த்திகளைக் கொண்டுவந்து ஷெட்டில் போட்டிருந்தான். கரண்ட் போனால் ஆகும் என்று. "அண்ணே, இது நேர்ச்சை மெழுகுதிரி" என்றான். ஆகட்டும், நமக்கும் ஒரு காரியம் நடக்க வேண்டியிருக்கிறதே.

இரவு அப்படியே ஆற விட்டேன். காலையில் ராடை இறக்கி, பித்தளை வைத்து நான்கு அடி, இறுக்கும் பக்கம் ஒரு இழுப்பு, கழற்றும் பக்கம் ஒரு இழுப்பு. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ராடு முறியும் சத்தமும் நட்டு இளகும் சத்தமும் முதலில் ஒன்று போலத்தான் இருக்கும், நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிடும். ராடு முழுசாக இருந்தது, நட்டு கால் சுற்று வந்திருந்தது. அங்கிருந்தும் ஒரேயடியாகச் சுற்றாதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி வெளியே. துருத் தூள் மரைக்குள் மாட்டினால் மரையையே உரித்துக்கொண்டு வரும். நம் ஊரில் கிறுக்குத்தனமாகப் பேசுபவனை 'மரை கழண்டவன்' என்று சொல்வார்களே, மரை போன ஹவுசிங்கும் அப்படித்தான், எதைப் போட்டாலும் பிடிக்காது.

நட்டைத் துடைத்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தலையின் ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு. நட்டு அசைந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, மூடியதும் நட்டுக்கும் ஹவுசிங்குக்கும் சேர்த்து மஞ்சள் கோடு போடுவது என் பழக்கம். முதலாளியிடம் கேட்டேன். நாலு வருடத்துக்கு முன்னால் வண்டி அவருடைய சித்தப்பாவிடம் இருந்ததாம், வில்லுக்குறியில் ஒரு ஷெட்டில்தான் ஆயில் மாற்றினார்களாம். மரையில் சீலன்ட்டின் அடையாளம்கூட இல்லை, காய்ந்த இரும்போடு இரும்பாக மூடியிருக்கிறது. மனிதன்தான் மூன்றாவது காரணம் என்று மேலே பெரிதாக எழுதினேனே, அந்த மனிதன் நான்தான். அந்த வேலைக்கான கூலியில் பாதியைத்தான் அவரிடம் வாங்கினேன்.

இனி டிரெயின் நட்டு. பட்டை போன நட்டுக்கு வழிகள் இருக்கின்றன. ஒரு அளவு சின்ன சாக்கெட்டை அடித்து இறக்கி முறுக்கலாம். பட்டை அரைகுறையாக மிச்சம் இருந்தால் இது பலிக்கும், சாக்கெட் ஒன்று பலியாகும். எல்-கீ குழி உருண்டையாகிவிட்டால் அதில் நட்சத்திர முனை பிட்டை அடித்து இறக்குவது உண்டு. உளியை நட்டின் ஓரத்தில் வைத்து ஒரு வெட்டு எடுத்து, அந்த வெட்டில் சாய்வாக வைத்துக் கழற்றும் பக்கமாக அடிப்பதும் உண்டு. பழைய ஆட்கள் இதில் கில்லாடிகள், எனக்கு அவ்வளவு கை வராது. துளை போட்டு எக்ஸ்ட்ராக்டர் என்ற எதிர்மரைக் கருவியை இறக்குவதை நான் கடைசிக்கும் கடைசியாக வைத்திருக்கிறேன். அந்த எக்ஸ்ட்ராக்டர் கெட்டியான இரும்பு, உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. துளை போட்ட தூளும் உள்ளே விழும்.

நான் நம்புவது வெல்டிங். நட்டின் தலைமேல் அதைவிடச் சற்றுப் பெரிய புது நட்டு ஒன்றை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங்கை நிரப்ப வேண்டும். புதுப் பட்டை கிடைக்கிறது, கூடவே நட்டின் உள்வரை சூடும் இறங்குகிறது. அதற்கு முன்னால் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளில் ஈசியூ இருக்கிறது, வெல்டிங் கரண்ட் அதில் ஏறினால் வண்டியின் மூளை போச்சு. எர்த் கிளாம்பை டிரெயின் நட்டுக்குப் பக்கத்தில், அதே ஹவுசிங்கில், பெயின்டைச் சுரண்டிப் பிடிக்க வேண்டும். எங்கோ சேசிஸில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி அதில் குழி விழ வைக்கும். ஆறு மாதம் கழித்து பேரிங் சத்தம் போடும், யாரும் அதை இந்த வெல்டிங்கோடு சேர்த்து யோசிக்க மாட்டார்கள். ஃபில்லர் திறந்திருந்ததால் பெரும்பாலான ஆயிலைக் கைப்பம்பு வைத்து மேலிருந்தே உறிஞ்சி எடுத்துவிட்டோம். பையன் தீயணைப்பானோடு நின்றான். வெல்டிங் பழக்கமில்லாதவர்கள் இதை ஒரு வெல்டரிடம் விடுங்கள்.

வெல்டிங் முடிந்ததும் சிவப்பாக இருக்கும்போதே முறுக்கக் கூடாது, இரும்பு மெத்தென்று இருக்கும், பிய்ந்துவிடும். சிவப்பு அடங்கிக் கறுத்து, சூடு மட்டும் இருக்கும்போது ஸ்பானரைப் போடுங்கள். இந்த நட்டு முதல் இழுப்பிலேயே வந்தது. கடைசி மரை வரும்போது நட்டை உள்பக்கம் அழுத்தியபடியே சுற்றி, கழன்றதும் பக்கவாட்டில் சட்டென்று இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆயில் முழங்கை வழியாக அக்குள் வரை வரும். கியர் ஆயிலின் கந்தக வாடை இரண்டு குளியலுக்குப் போகாது.

வடிந்த ஆயிலைப் பாருங்கள். டீயில் பால் கலந்த நிறமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க எனக்கு அந்த நிற ஆயில்தான் வந்தது. டிரெயின் நட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறச் சேறு மெல்லிசாக ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்த்தால் மை போல மெத்தென்று இருக்க வேண்டும். பளபளவென்று சில்லுகளோ பல் துண்டோ வந்தால் நட்டை மூடுவதில் அர்த்தமில்லை, கிரவுனைப் பிரிக்க வேண்டும். இந்த வண்டியில் சேறுதான், கொஞ்சம் அதிகம். ஊளைச் சத்தத்துக்குக் காரணம் ஆயில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்ததுதான் என்று நினைத்தேன்.

மூடுகிற வேலையை இந்தத் தடவை நானே செய்தேன். வெல்டிங் பட்ட நட்டை மறுபடி போடவில்லை. இரண்டுக்கும் புதிது வாங்கி வரச் சொன்னேன், பழையதைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அளவு ஒன்றாகத் தெரிந்து மரை வேறாக இருக்கும் நட்டுகள் உண்டு. ஹவுசிங் மரையைத் துணியால் துடைத்து, அளவான டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் மட்டும் இறக்கித் துருவை எடுத்தேன். டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் பூசினால் தூள் அதில் ஒட்டி வெளியே வரும். பிறகு கொஞ்சம் ஆயிலை மேலே ஊற்றிக் கீழே ஓட விட்டால் மிச்சத் தூளும் போய்விடும்.

டிரெயின் நேர் மரை, செம்பு வாசர். புது வாசர் கிடைக்காவிட்டால் பழைய செம்பு வாசரைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு இப்படிச் செய்தால் கெட்டியாகும், செம்போ மெத்தென்று ஆகும். பழைய வாசர் நசுங்கி நசுங்கித்தான் கெட்டியாகிக் கசிகிறது. ஒரு வாசர் கசிகிறது என்று அதன்மேல் இன்னொன்று போடுவது, வெளியே எம்-சீல் பூசுவது எல்லாம் வேண்டாம். நேர் மரைக்கு டெஃப்லான் டேப்பும் தேவையில்லை. மரையில் ஆன்டி சீஸ் கிரீஸ் (துருப்பிடித்து இறுகாமல் காப்பது) ஒரு மெல்லிய பூச்சு, வாசர் உட்காரும் முகத்தில் படாமல். ஃபில்லர் கூம்பு மரை. அதற்குத் திரெட் சீலன்ட் பேஸ்ட், அல்லது டெஃப்லான் டேப் இரண்டு மூன்று சுற்று. நட்டு இறுகும் திசையிலேயே டேப்பைச் சுற்ற வேண்டும், முதல் மரையை விட்டுவிட வேண்டும், பிசிறு உள்ளே விழக் கூடாது.

கையால் தொடங்கி, மூன்று நான்கு சுற்றாவது கையாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் மரை குறுக்கே ஏறியிருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். அப்புறம் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பானர். கிரீஸ் பூசிய மரை அதே விசைக்கு அதிகமாக இறுகும், அதனால் ஒரு பிடி குறைத்தே நிறுத்துவேன். ஏர் கன் இங்கே வேண்டவே வேண்டாம். கூம்பு மரையை மிஞ்சி இறுக்கினால் ஹவுசிங் விரிசல் விடும்.

ஆயிலை எது, எவ்வளவு என்று புத்தகத்தைப் பார்த்து ஊற்றுங்கள். கிரவுனுக்கு ஜிஎல்-5 ரகம், 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140 என்று வரும். சில கியர் பாக்ஸுகளுக்கு ஜிஎல்-4தான் சொல்லியிருப்பார்கள், உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்காக. ஒரே டின்னை இரண்டுக்கும் ஊற்றிவிடுகிற சோம்பல் வேண்டாம். ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டு வழியும்வரை ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து, இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றுங்கள். கெட்டி ஆயில் ஆக்ஸில் குழாய்க்குள் பரவ நேரம் எடுக்கும்.

பழைய ஆயிலைக் குளத்திலோ கால்வாயிலோ ஊற்றுகிறவன் முகத்தில் நான் விழிக்க விரும்பவில்லை. 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு. பேரலில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் கொடுங்கள்.

அன்று மத்தியானம் ஒன்றரைக்கு வேலை முடிந்தது. தோட்டியோடு வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தோம், ஊளைச் சத்தம் இல்லை. ஷெட்டில் நிறுத்தி அடியில் ஒரு தினத்தாளை விரித்து, சாயா குடித்து வந்து பார்த்தோம். தாள் காய்ந்திருந்தது. இரண்டு நட்டுக்கும் மஞ்சள் கோடு போட்டேன். பையன் பக்கத்திலேயே ஹவுசிங்கில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினான், கீழே 'கிரீஸ் போட்டது' என்று அவனாகச் சேர்த்துக்கொண்டான்.